சிப்பிப்பாறை நாய்க்கு விமானக் கூண்டு: எந்த அளவு வாங்குவது?

செவலை_அம்மா | ஆகஸ்ட் 18

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயது சிப்பிப்பாறைப் பெண் நாய் இருக்கிறாள். பெயர் செவலை. கோவில்பட்டிப் பக்கம் சித்தப்பா வீட்டில் பிறந்தவள், கண் திறந்த நாளிலிருந்து எங்களோடுதான். வீட்டுக்காரருக்கு ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலை கிடைத்து அவர் போய்விட்டார். டிசம்பரில் நானும் மகனும் கிளம்புகிறோம். அவளை விட்டுவிட்டுப் போகும் பேச்சே கிடையாது.

அடையாள மைக்ரோசிப் போட்டு, ரேபிஸ் ஊசி போட்டு, 30 நாள் கழிந்ததும் ரேபிஸ் எதிர்ப்பாற்றல் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. இப்போது கூண்டில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடையில் எடையைக் கேட்டார்கள். 19 கிலோ என்றதும் 36 அங்குலக் கூண்டைக் காட்டி, "20 கிலோ வரைக்கும் இது போதும்மா" என்றார்கள். பார்த்தால் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது.

நானே அளந்தது: மூக்கிலிருந்து வால் நுனி வரை 130 சென்டிமீட்டர், உட்கார்ந்திருக்கும்போது உயரம் 70. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


மைன்_கரை | ஆகஸ்ட் 18

சகோதரி, முதலில் ஒன்று: அந்தக் கூண்டை வாங்காதீர்கள். கூண்டின் அளவை நாயின் எடை தீர்மானிப்பதில்லை. 19 கிலோ பீகிளும் 19 கிலோ சிப்பிப்பாறையும் ஒரே கூண்டில் அடங்குமா? உங்கள் செவலைக்குப் பாதி உடம்பு கால்தானே.

நான் 2019ல் ஒரு லேப்ரடாரை இங்கே ஜெர்மனிக்குக் கொண்டுவந்தேன். அப்போது பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். விமான நிறுவனங்கள் எல்லாம் பார்ப்பது ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிமுறையை. அதில் நாய், பூனைக்கான கூண்டு விதிக்கு சிஆர் 1 என்று பெயர். நாயை நிற்கவைத்து நான்கு அளவு எடுக்க வேண்டும்.

ஏ: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை. வால் கணக்கில் வராது.
பி: தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை.
சி: இரண்டு தோள்களுக்கு இடையிலான அகலம்.
டி: தரையிலிருந்து தலை உச்சி வரை. காது தலைக்கு மேலே நின்றால் காது நுனி வரை.

கூண்டின் உள்நீளம் ஏயுடன் பியில் பாதியைக் கூட்டியது. உள்ளகலம் சியைப்போல் இரண்டு மடங்கு. உள்ளுயரம் டியுடன் விரிப்பின் கனத்தையும் சேர்த்தது. விரிப்பை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒல்லியான நாய்க்கு எலும்பு உறுத்தாமல் இருக்கக் கனமான விரிப்பு வேண்டும், அந்த மூன்று சென்டிமீட்டர் மேலே தலையில் இடிக்கும்.

இன்னொன்று, கூண்டின் ஸ்டிக்கரில் போட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு. டேப்பை எடுத்துப்போய் உள்ளே அளந்து பாருங்கள்.


செவலை_அம்மா | ஆகஸ்ட் 20

மிக்க நன்றி அண்ணா. நேற்று மகன் பிஸ்கட்டை உயரப் பிடித்துக்கொள்ள, நான் சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்திருக்கிறேன். ஏ 88, பி 36, சி 18, டி 80. காதை விறைத்தபோது எடுத்தது.

அப்படியானால் உள்நீளம் 106, அகலம் குறைந்தது 36, மூன்று சென்டிமீட்டர் விரிப்போடு உயரம் 83. சரிதானா? 36 அங்குலக் கூண்டு வெளியிலேயே 91 நீளம், 69 உயரம்தான். அதில் அடைத்திருந்தால் குனிந்தே ஜெர்மனி வரை போயிருப்பாள். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.


நெல்லை_கால்நடை | ஆகஸ்ட் 20

சரியாக அளந்திருக்கிறீர்கள் அம்மா. நான் கால்நடை மருத்துவர். பயணச் சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் கூண்டையும் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். நாய் உள்ளே முழுதாக நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். இந்த மூன்றும் முடிகிறதா என்றுதான் விமான நிலையத்தில் பார்ப்பார்கள். டேப் வைத்து அளக்காவிட்டாலும், காது கூரையில் பட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

36 அகலம் என்பது விதியின் கீழ்வரம்பு. வேட்டை நாய்களுக்கு முதுகு வளைந்து திரும்ப இடம் வேண்டும். 55க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.


பூனை_மடி | ஆகஸ்ட் 21

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பூனை, நான்கரைக் கிலோ. சென்னையிலிருந்து மும்பைக்கு மாறுகிறோம், கேபினில் கூடவே கொண்டுபோக ஆசை. துணிப் பையா, பிளாஸ்டிக் கூடையா?


அடையாறு_மூவர் | ஆகஸ்ட் 21

கேபின் என்றால் துணிப் பைதான். முன் இருக்கைக்குக் கீழே போக வேண்டும், அங்கே ஒரு விரற்கடை கூடினாலும் பிளாஸ்டிக் வளையாது. நல்ல துணிப் பையின் முதுகு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். நான் மூன்று பூனைகளை வேறு வேறு சமயத்தில் கொண்டுபோயிருக்கிறேன்.

முதலில் விமானத்தை முடிவு செய்யுங்கள் தங்கச்சி, அப்புறம் பை. நம் ஊரில் எல்லா நிறுவனமும் கேபினில் ஏற்றுவதில்லை. ஏர் இந்தியா நெடுநாளாக ஏற்றுகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் தொடங்கியது. எடை வரம்பு பையையும் சேர்த்துத்தான், அதுவும் அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் எடுக்கும் அன்று தொலைபேசியில் கேட்டு, மின்னஞ்சலில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விமானத்தில் இத்தனை பிராணிதான் என்று கணக்கு இருப்பதால் முன்பதிவில் சேர்க்காமல் போனால் இடமே இருக்காது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு உதாரணம் சொன்னால், லுஃப்தான்சாவில் பையோடு சேர்த்து 8 கிலோ, பையின் அளவு 55க்கு 40க்கு 23.

பை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது ஜிப்பை. பாதுகாப்புச் சோதனையில் பூனையை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நாம் நடக்க வேண்டும், காலிப் பை மட்டும் எக்ஸ்ரேக்குள் போகும். மேல்பக்கமும் திறக்கிற பை என்றால் அலுங்காமல் தூக்கலாம். முன்பக்கம் மட்டும் திறந்தால் பயந்த பூனை உள்ளே நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே வராது. வந்தால் அம்பு மாதிரி வரும். ஒருமுறை என் பூனை தோளில் ஏறிக் குதிக்கப் பார்த்தாள், உடம்புப் பட்டையும் (ஹார்னஸ்) கயிறும் போட்டிருந்ததால் தப்பித்தேன். கழுத்துப்பட்டை மட்டும் போதாது, தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

ஜிப்பின் இரண்டு தலைகளையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி இருக்கிறதா, அடிப்பலகை உறுதியாக இருக்கிறதா, வலை நகத்துக்குக் கிழியுமா, இவ்வளவும் கடையிலேயே பாருங்கள். சக்கரம் வைத்து இழுக்கும் பைகள் எனக்குப் பிடிக்காது. சக்கரமும் கைப்பிடிக் கம்பியும் உள்ளே இருக்கும் உயரத்தைத் தின்றுவிடும்.


பூனை_மடி | ஆகஸ்ட் 21

அக்கா, கோடி நன்றி. உடம்புப் பட்டை பற்றி நினைத்தே பார்க்கவில்லை. இன்றைக்கே வாங்கிப் பழக்குகிறேன்.


மைன்_கரை | ஆகஸ்ட் 23

செவலை விஷயத்துக்கு வருகிறேன். முன்பு பட்டது என்று சொன்னேனே, அது இதுதான். நான் முதலில் வாங்கிய கூண்டு பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மேல்பாதியும் கீழ்பாதியும் பிளாஸ்டிக் கிளிப்பால் மாட்டுகிற வகை. சென்னை சரக்கு முனையத்தில் அதைப் பார்த்ததும் ஏற்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான் என்று பிறகு புரிந்தது. கூண்டை ஒரு பக்கம் தூக்கும்போது, நாய் உள்ளே எம்பும்போது, கிளிப் தெறித்தால் ஓடுபாதையில் நாய் ஓடும். ஆனால் அந்த இரவு நான் பட்ட பாடு! விமானம் போய்விட்டது, நாயோடு வீட்டுக்குத் திரும்பினேன், மறு முன்பதிவுக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

அதனால் இரண்டு பாதிகளும் உலோக போல்ட், நட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். கூண்டோடு பிளாஸ்டிக் திருகு கொடுத்தால் பாரிமுனையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் இரும்பில் வாங்கிவிடலாம். கதவு உலோகமாக இருக்கட்டும். கதவின் கீல் கம்பியும் பூட்டுக் கம்பியும் திறப்புக்கு மேலேயும் கீழேயும் உள்ள விளிம்பைத் தாண்டி 1.6 சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். கதவை உள்ளிருந்து முட்டினால் கழன்று வராமல் பிடிப்பது அந்த நீளம்தான். மேலே திறக்கும் கதவு, மடக்குக் கூண்டு, வெறும் கம்பிக் கூண்டு எதுவும் சரக்குப் பகுதிக்கு ஆகாது. சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

காற்றுத் துளை நான்கு பக்கமும் வேண்டும். நான்கு பக்கப் பரப்பில் 16 சதவீதமாவது திறப்பாக இருக்க வேண்டும், மூக்கோ பாதமோ வெளியே நீளாத அளவுக்கு நெருக்கமான வலையுடன்.


செவலை_அம்மா | ஆகஸ்ட் 30

இரண்டு கடை ஏறி இறங்கினேன். 40 அங்குலக் கூண்டு வெளியே 102க்கு 69க்கு 76, பேச்சுக்கே இடமில்லை. அடுத்தது 48 அங்குலம், வெளியே 122க்கு 81க்கு 89. உள்ளே கையை விட்டு அளந்தேன். தரையில் நீளம் 110, உயரம் 84. எனக்கு வேண்டியது 83. ஒரு சென்டிமீட்டர்தான் மிச்சம். இதை வாங்கலாமா?


சரக்கு_மேசை | ஆகஸ்ட் 31

நான் சரக்கு முன்பதிவில் பல வருடம் வேலை பார்த்தவன். வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள் அம்மா. சரக்காக அனுப்பும்போது தராசில் நிறுத்த எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வெளி அளவு மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும்.

122 × 81 × 89 / 6000 = சுமார் 147 கிலோ. செவலையும் கூண்டும் சேர்ந்து தராசில் 40 கிலோகூட வராது, ஆனால் நீங்கள் 147 கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள்.

இந்தப் பிளாஸ்டிக் கூண்டுகள் கனமான நாயை மனதில் வைத்து வார்த்தவை. உயரம் வேண்டுமென்றால் அகலத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் நாய் உயரம், ஆனால் ஒடுக்கம். பிளைவுட்டில் அளவெடுத்துச் செய்தால் உயரத்தைக் கூட்டி அகலத்தைக் குறைக்கலாம். வெளியே 112க்கு 64க்கு 91 என்று வைத்தால் சுமார் 109 கிலோ. 38 கிலோ மிச்சம், நாய்க்கும் தலைக்கு மேல் இடம்.

விமானத்தையும் பாருங்கள். போயிங் 737 மாதிரி சின்ன விமானத்தில் சரக்குக் கதவே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம்தான், 91 உயரக் கூண்டு நுழையாது. நேரடியாகப் போகும் பெரிய விமானத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அதனால் மும்பையில் இறங்கி மாறுவது போன்ற டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.


கோவை_பக் | ஆகஸ்ட் 31

மரத்தில் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. பிளாஸ்டிக் கூண்டைக் கழுவலாம், மூத்திரம் ஊறாது, அதிகாரிகளுக்கும் பழகிய பொருள். மரக் கூண்டைப் பார்த்ததும் நூறு கேள்வி வரும்.

என் பக் இன நாயை நான் வெளிநாடு கொண்டுபோகவில்லை. கேட்ட நிறுவனங்கள் எல்லாம் சப்பை மூக்கு நாய் என்றதும் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுத்தார்கள். விதியில் இந்த இனங்களுக்கு 10 சதவீதம் பெரிய கூண்டு என்று இருக்கிறது, ஆனால் ஏற்றிக்கொண்டால்தானே. இப்போது அவன் கோவையில் என் அம்மாவிடம் இருக்கிறான். பாரசீகப் பூனை வைத்திருப்பவர்களும் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.


நெல்லை_கால்நடை | செப்டம்பர் 1

கோவை நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் அவனை ஏற்றாமல் விட்டது அவனுக்கு நல்லது. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது மூச்சிரைத்துத்தான். சப்பை மூக்கு நாய்க்கு மூக்குத் துவாரம் ஒடுக்கம், அண்ணம் தொண்டையை அடைக்கும். பயத்தில் இரைக்க ஆரம்பித்தால் அந்த இரைப்பே மேலும் சூட்டை ஏற்றும். கூண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மேலே போனபின் உதவ ஆளில்லை.

சிப்பிப்பாறைக்கு மூச்சுப் பிரச்சினை இல்லை, நீண்ட மூக்கு. அதற்குப் படுகிற இடம்தான் பிரச்சினை. முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் சதையே கிடையாது. உறிஞ்சும் விரிப்பின் மேல் தட்டையான மெத்தை ஒன்று போடுங்கள். வைக்கோல் வேண்டாம், பல நாடுகளில் விடமாட்டார்கள்.


செவலை_அம்மா | செப்டம்பர் 2

இரண்டு நாள் யோசித்தேன். பிளைவுட் என்று முடிவு செய்துவிட்டேன். காசைவிட அந்த ஒரு சென்டிமீட்டர்தான் காரணம். கதவுச் சத்தம் கேட்டாலே காதை விறைக்கிறவள், விமான நிலையத்தில் எப்படி நிற்பாள் என்று எனக்குத் தெரியும். மடிப்பாக்கத்தில் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். என்னென்ன சொல்ல வேண்டும்?


சரக்கு_மேசை | செப்டம்பர் 2

முதலில் மரம். பிளைவுட்டுக்குப் பிரச்சினையில்லை, அது பசையும் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்தது. ஆனால் மூலையிலும் அடியிலும் வைக்கும் கட்டை முழு மரமாக இருந்தால் மரப் பெட்டிகள் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி சூடேற்றிப் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். கோதுமைக் கதிர்ப் படமும் எழுத்தும் சேர்ந்த முத்திரை, ஏற்றுமதிப் பெட்டி செய்கிறவர்களிடம் கிடைக்கும். ஆசாரியிடம் இருக்கும் மிச்சத் தேக்கை வைத்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் கூண்டுக்குக் காற்றுக் கணக்கு: சுற்றளவு 352, உயரம் 91, ஆக நான்கு பக்கப் பரப்பு 32,032 சதுர சென்டிமீட்டர். அதில் 16 சதவீதம் சுமார் 5,125. கதவு வலை 50க்கு 60 வைத்தால் 3,000 வந்துவிடும். மீதியை மற்ற மூன்று பக்கமும் மேல்பாதியில் வலை ஜன்னலாக வையுங்கள். வலையின் வெட்டு முனை எதுவும் உள்ளே நீட்டக்கூடாது.

வெளியே பக்கவாட்டில் இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் கட்டை ஓடவிடுங்கள். பக்கத்தில் பெட்டி அடுக்கினாலும் துளை அடைபடாது, தூக்கக் கைப்பிடியும் ஆயிற்று. மற்றபடி, தண்ணீர்க் கிண்ணம், தீனிக் கிண்ணம் இரண்டும் கதவில் உள்பக்கம் மாட்டி, கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து ஊற்றும்படி இருக்க வேண்டும். உயிருள்ள விலங்கு என்ற ஸ்டிக்கரும் மேல்பக்கம் காட்டும் அம்புக்குறியும் பக்கங்களில்.


மைன்_கரை | செப்டம்பர் 3

கூண்டு எப்போது தயாராகும்? எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கிளம்புவதற்கு முந்தின வாரம் வாங்கி அடைப்பதைப்போல் கொடுமை வேறில்லை. இரண்டு மாதமாவது வீட்டு ஹாலில் கிடக்க வேண்டும்.

முதல் வாரம் கதவையே கழற்றி வையுங்கள், சோற்றை உள்ளே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் கதவு. அப்புறம் ஐந்து நிமிடம், அரை மணி, ஒரு ராத்திரி. ஆட்டோ டெம்போவில் ஏற்றி ஒரு சுற்று போய் வந்தால் அசைவுக்கும் பழகும்.


பூனை_மடி | செப்டம்பர் 3

பதற்றமாக இருந்தால் தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். டாக்டர், பூனைக்குக் கொடுக்கலாமா?


நெல்லை_கால்நடை | செப்டம்பர் 4

வேண்டாம் அம்மா. மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் திறன் குறையும், கூண்டு சாய்ந்தால் சமாளித்து நிற்க முடியாது, வாந்தி மூச்சுக்குழாயில் போகலாம். மயங்கிய நிலையில் இருக்கும் பிராணியைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்கவும் மாட்டார்கள். உங்கள் பழைய சேலைத் துண்டு ஒன்றைத் துவைக்காமல் பைக்குள் விரித்துவிடுங்கள், அந்த வாசனை போதும். பறப்பதற்கு நான்கைந்து மணி முன்பிலிருந்து தீனி வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம்.


செவலை_அம்மா | அக்டோபர் 6

கூண்டு வந்துவிட்டது! ஆசாரி அண்ணன் நாயைக் கூட்டிவரச் சொல்லி, சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அவரே ஒருமுறை அளந்தார். உள்ளுயரம் 86. விரிப்புப் போட்டு, காதை விறைத்தாலும் மூன்று விரல் இடம் இருக்கிறது.

மூன்று நாள் பக்கத்திலேயே போகவில்லை. நான்காம் நாள் மகன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு பாடம் படித்தான். இவளும் போய் அவன் காலடியில் படுத்தாள். நேற்று மத்தியானம் யாரும் கூப்பிடாமலே உள்ளே தூங்கினாள். பார்த்துக்கொண்டே நின்றேன், கண் கலங்கிவிட்டது.


மைன்_கரை | அக்டோபர் 6

படிக்கிற எனக்கும்தான். மறக்காமல்: சென்னையில் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றிதழ் அலுவலகத்தில் நேரம் வாங்குங்கள். ஐரோப்பியச் சுகாதாரச் சான்றிதழ் வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய 10 நாளுக்குள் கையெழுத்தானதாக இருக்க வேண்டும். ரத்த முடிவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் பயணம். நீங்கள் பயணிக்கும் நாளுக்கும் அவள் பயணிக்கும் நாளுக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். எல்லாக் காகிதத்துக்கும் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் கூண்டின் மேல் ஒட்டுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்து உறையவிடுங்கள். தூக்கும்போது சிந்தாது, மெல்ல உருக உருக நக்கிக்கொள்ளும்.


செவலை_அம்மா | டிசம்பர் 9

வந்து சேர்ந்தோம். செவலையும்.

நள்ளிரவு தாண்டிய விமானம் என்பதால் தரையில் காத்திருந்தபோதும் வெக்கை இல்லை. சரக்கு முனையத்தில் ஒருவர் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டையில் முத்திரை இருக்கிறதா என்று குனிந்து தேடினார், போல்ட்டை ஆட்டிப் பார்த்தார், கதவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்து, "நல்லா நிக்குதே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான்கு மாதம் காத்திருந்த மாதிரி இருந்தது.

இங்கே விலங்குகளுக்கென்றே 2008ல் கட்டிய கூடம் இருக்கிறது. அங்கே சிப்பைச் சரிபார்த்து, காகிதங்களைப் பார்த்து, கொடுத்துவிட்டார்கள். விரிப்பு ஒரு மூலையில் நனைந்திருந்தது, கிண்ணம் காலி. கதவைத் திறந்ததும் ஓடிவருவாள் என்று நினைத்தேன். மெதுவாக எழுந்து, சோம்பல் முறித்து, பிறகுதான் வெளியே வந்தாள். வீட்டுக்காரரைப் பார்த்ததும்தான் வாலும் உடம்பும் ஒன்றாக ஆடின.


பூனை_மடி | டிசம்பர் 9

அக்கா, காலையில் முதல் வேலையாக இதைத்தான் படித்தேன். நாங்களும் அக்டோபரிலேயே மும்பை வந்துவிட்டோம். சோதனையில் உடம்புப் பட்டைதான் காப்பாற்றியது.


ராஜபாளையம்_வெள்ளை | டிசம்பர் 14

எல்லாருக்கும் வணக்கம். இழையை முழுதும் படித்தேன். ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் போகிறோம், ராஜபாளையம் ஆண், 27 கிலோ. செவலை அம்மா, உங்கள் கூண்டை விற்பீர்களா? நான் எடுத்த உயரம் 78.


செவலை_அம்மா | டிசம்பர் 14

தம்பி, கூண்டு விற்பதற்கில்லை. வெளியே ஒரே குளிர், கதவைக் கழற்றிவிட்டு ஹீட்டர் பக்கம் போட்டிருக்கிறோம், அவள் அதற்குள்தான் தூங்குகிறாள். ஆசாரிக்குக் கொடுத்த அளவுத் தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள், அந்த 78 நின்றபடி எடுத்ததா, உட்கார்ந்தபடி எடுத்ததா?